சிறாரின் உயிர்காக்கும் ஒரு கேள்வி: வீட்டில் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது?

அமெரிக்காவில் குழந்தைகளைப் பரிசோதிக்கும் மருத்துவர்கள், வீட்டில் துப்பாக்கி உள்ளதா என்று பெற்றோரிடம் கேட்க வேண்டும் என அந்நாட்டுக் குழந்தைகள் மருத்துவக் கழகம் பரிந்துரைக்கிறது. துப்பாக்கியைப் பூட்டி வைத்து, தோட்டாக்களைத் தனியே பாதுகாக்கவும் அறிவுறுத்தப்படுகிறது. வளரிளம் பருவத்தினரின் தற்கொலையைத் தடுப்பது இதன் நோக்கங்களில் ஒன்று.

இந்தியக் கிராமங்களில் துப்பாக்கி உள்ள வீடுகள் குறைவு. பூச்சிமருந்து உள்ள வீடுகளே அதிகம். தமிழ்நாட்டையொட்டிய கேரளப் பகுதிகளும் இதற்கு விலக்கல்ல. பாலக்காடு மாவட்டத்தின் முதலமடையில் மாந்தோப்புகளும், இடுக்கி மாவட்டத்தின் உடும்பன்சோலை, குமுளி பகுதிகளில் ஏலத்தோட்டங்களும் நிறைந்துள்ளன. எனவே இங்கு மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வி, பூச்சிமருந்து எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பதாகும்.

தற்கொலை எண்ணம் தீவிரமாக இருக்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருந்தால் பலர் உயிர் தப்புகின்றனர்.

இதற்கு வலுவான சான்று இலங்கையில் கிடைத்தது. அங்கு 1995 முதல் கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிமருந்துகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்டன. அடுத்த 20 ஆண்டுகளில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. கேரள அரசும் 2011-இல் பல கொடிய பூச்சிமருந்துகளுக்குத் தடை விதித்தது.

வீட்டில் பூட்டுப்பெட்டி வைப்பது மட்டும் போதாது என்பதும் தெரியவந்துள்ளது. இலங்கையின் 180 கிராமங்களில் நடந்த ஆய்வின் முடிவுகள் 2017-இல் வெளியாயின. வீடுகளுக்குப் பூட்டுப்பெட்டி வழங்கியதால் நஞ்சருந்தும் நிகழ்வுகள் குறையவில்லை. வீட்டுக்கு வெளியே பொதுக் கிடங்கில் வைப்பது மற்றொரு வழி. சென்னையைச் சேர்ந்த சினேகா அமைப்பு, கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோவில் பகுதியில் இதனைச் சோதனை முறையில் செயல்படுத்தியது.

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கான அமைப்புகள் ஏற்கெனவே உள்ளன. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத்திட்டம் 18 வயது வரையிலானோரைப் பரிசோதிக்கிறது. 2014-இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத்திட்டத்தில் மனநலமும் இடம்பெற்றுள்ளது. குடும்ப சுகாதார நிலைய மருத்துவரும் ஆஷா பணியாளரும் பெற்றோரிடம் கூற வேண்டியவை எளியவை: தேவைக்கு மட்டும் வாங்குதல், மிச்சத்தை வீட்டில் வைக்காதிருத்தல், பிள்ளையிடம் சோர்வோ விலகலோ தெரிந்தால் உடனே மனம்விட்டுப் பேசி, மருத்துவ உதவி பெறுதல்.

மன உளைச்சலில் இருப்போர் டெலி மனாஸ் 14416, கேரளத்தின் திஷா 1056 ஆகிய எண்களில் இலவச ஆலோசனை பெறலாம்.