நுரை சொன்ன சாட்சி

விடுமுறை நாள் காலையில் வீட்டு வாசலில் கார் கழுவுபவரைப் பார்த்திருப்பீர்கள். ஒருவேளை அவர் நீங்களாகவே இருக்கலாம். ஆழ்துளைக் கிணற்று நீரில் துணிச் சோப்பைக் கரைத்தால் எவ்வளவு கலக்கினாலும் நுரை எழுவதில்லை. திரிந்த பால் போல வெள்ளைப் பிசுக்கு ஒன்று வாளியின் ஓரத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதே நீரில் கார் கழுவுவதற்கென்று விற்கும் ஷாம்புவை ஒரு மூடி ஊற்றினால் வாளி பொங்கி வழிகிறது. நுரையைக் கண்டதும், இனி அழுக்குப் போய்விடும் என்று மனம் நிம்மதி அடைகிறது. இந்த நம்பிக்கை நமக்கு எங்கிருந்து வந்தது? அது சரிதானா?

ஒரு காலத்தில் அது முற்றிலும் சரியாக இருந்தது. ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரின் மாரிசல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த தாமஸ் கிளார்க், 1841-ஆம் ஆண்டில், சுண்ணாம்பைச் சேர்த்துக் கடினநீரை மென்னீராக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நீரின் கடினத்தன்மையை அளக்க அவர் பயன்படுத்திய அளவுகோல் நுரையே. குறிப்பிட்ட அளவு நீரை ஒரு புட்டியில் எடுத்துக்கொண்டு, சோப்புக் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் குலுக்க வேண்டும். எழுந்த நுரை ஐந்து நிமிடம் கலையாமல் நின்றால் சோதனை முடிந்தது. செலவான சோப்பின் அளவு நீரின் கடினத்தன்மையைத் தந்துவிடும்.

இது எப்படி? சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் உப்பு என்பதைப் பிரெஞ்சு வேதியியலார் செவ்ரூல் 1823-இலேயே விளக்கியிருந்தார். கடினநீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் அந்தக் கொழுப்பு அமிலத்தைப் பற்றிக்கொண்டு கரையாத வீழ்படிவாகி விடுகின்றன. நாம் வாளியோரத்தில் கண்ட பிசுக்கு அதுதான். அவை முழுவதும் தீர்ந்த பிறகே மிஞ்சிய சோப்பு நுரைக்கும். லிட்டருக்கு 300 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான கடினத்தன்மை உள்ள நீர் 15 லிட்டர் பிடிக்கும் வாளியை எடுத்துக்கொள்ளுங்கள். சோப்பு முழுவதும் சோடியம் ஸ்டியரேட் என்று வைத்துக் கணக்கிட்டால், ஏறத்தாழ 28 கிராம் சோப்பு பிசுக்காகவே வீணாகும். ஆகவே நுரை வந்துவிட்டது என்றால், அழுக்கைக் கழுவ சோப்பு மிச்சம் இருக்கிறது என்று பொருள். சோப்புக் காலத்தில் நுரை பொய் சொல்லாத சாட்சி.

சாட்சி சொன்னதே தவிர, வேலை செய்தது அதுவன்று. நுரை என்பது காற்றுக் குமிழிகளைப் பிரித்து நிற்கும் மெல்லிய நீர்ச் சவ்வுகளின் கூட்டம். தூய நீரின் பரப்பு இழுவிசை சென்டிமீட்டருக்குச் சுமார் 72 டைன். சோப்பு நீரில் அது 25 முதல் 30 வரை இறங்கிவிடுகிறது. இழுவிசை குறைவதால் நுரை உண்டாகிறது என்று பாடப் புத்தகங்களில் எழுதிவிடுகிறோம். இது பாதி உண்மை. எரிசாராயத்தின் பரப்பு இழுவிசை 22 டைன் அளவுதான். அதைக் குலுக்கிப் பாருங்கள், நுரை நிற்பதே இல்லை!

மறுபாதியை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியின் மாரங்கோனியும் அமெரிக்காவின் கிப்சும் விளக்கினர். சோப்பு மூலக்கூறுக்கு நீரை நாடும் தலையும் நீரை வெறுக்கும் வாலும் உண்டு. அவை சவ்வின் இரு பரப்பிலும் நெருங்கி நிற்கின்றன. சவ்வு ஓரிடத்தில் இழுபட்டு மெலிந்தால் அங்கு மூலக்கூறுகள் அருகிப்போகின்றன; எனவே அவ்விடத்தில் மட்டும் இழுவிசை உயர்கிறது. அது சுற்றிலும் உள்ள பரப்பை, அடியிலுள்ள நீரோடு சேர்த்துத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. கிழியப்போன இடம் தன்னைத் தானே தைத்துக்கொள்கிறது.

அழுக்கு நீங்குவதோ வேறு கதை. வால்கள் எண்ணெய்ப் பிசுக்கில் பதிய, தலைகள் நீரில் நிற்க, பிசுக்கு உருண்டு திரண்டு பரப்பை விட்டு விலகுகிறது. இம்மூலக்கூறுகள் நீருக்குள் கொத்துக் கொத்தாகத் திரள்கின்றன என்ற கருத்தை மக்பெய்ன் 1913-இல் வெளியிட்டார். அக்கொத்துகளே எண்ணெயை உள்ளடக்கி எடுத்துச் செல்கின்றன. ஒரே மூலக்கூறு இரண்டு வேலையையும் செய்வதால் நாம் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டோம்.

இரண்டும் வேறு என்பதை முதல் உலகப் போர் வெளிப்படுத்தியது. முற்றுகையில் சிக்கிய ஜெர்மனியில் உண்ணவே கொழுப்பு இல்லை. சோப்புக்கு எங்கே போவது? 1916-ஆம் ஆண்டையொட்டி, லுட்விக்ஸ்ஹாஃபன் நகரின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தில் ஃபிரிட்ஸ் குந்தர், நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் நாஃப்தலீனைக் கொண்டு ஒரு மாற்றுப் பொருளை உருவாக்கினார். ‘நெக்கால்’ என்ற பெயரில் அது வந்தது. அதன் கால்சியம் உப்பு நீரில் கரையுமாதலால் கடினநீரிலும் நுரைத்தது. துணியை நன்றாக நனைத்தது. அழுக்கை மட்டும் சரியாக நீக்கவில்லை! அதன் வால் மிகக் குட்டை. சாட்சி முதன்முறையாகப் பொய் சொன்னது.

பிறகு வால் நீண்டது. 1932-இல் ஜெர்மனியில் ‘ஃபேவா’, 1933-இல் அமெரிக்காவில் ‘டிரெஃப்ட்’, 1946-இல் பாஸ்பேட் கலந்த ‘டைடு’ ஆகிய சலவைத்தூள்கள் வந்தன. கடினநீர் இனி ஒரு தடையன்று. மக்களுக்கோ நுரையின் மீதிருந்த பழைய நம்பிக்கை அப்படியே இருந்தது. நுரை அடங்கும்படி செய்த தூள்கள் சலவை இயந்திரங்களில் துணியை நன்றாகவே வெளுக்கின்றன. ஆயினும் கையால் கழுவுவதற்கான பொருள்களில், நுரையை நிலைநிறுத்தவென்றே தனிப்பொருள்களைச் சேர்க்கிறார்கள். நுரைக்காததை யார் வாங்குவார்?

போருக்குப் பின் பெட்ரோலியத்தின் புரோப்பிலீன் மலிவாகக் கிடைத்தது. அதன் நான்கு மூலக்கூறுகளை இணைத்து வாலைச் செய்தார்கள். அந்த வால் நேரானதன்று. பக்கத்துக்குப் பக்கம் கிளை விட்டது. துணி வெளுத்தது, நுரையும் பொங்கியது. 1950-களில் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் கழிவுநீர் நிலையங்களின் தொட்டிகளில் நுரை மலைபோல் எழுந்தது. ஆற்று அணைக்கட்டுகளில் வெண்பாளங்களாக மிதந்து காற்றில் பறந்தது. அமெரிக்காவில் சில இடங்களில் கிணற்று நீரே கண்ணாடிக் குவளையில் நுரைத்தது.

பிரிட்டிஷ் அரசு 1953-இல் ஜெஃப்காட் என்பவர் தலைமையில் குழு அமைத்தது. அதன் இறுதி அறிக்கை 1956-இல் வெளிவந்தது. காரணம் நுண்ணுயிர்களின் உணவுமுறையில் இருந்தது. அவை கார்பன் சங்கிலியை நுனியிலிருந்து இரண்டிரண்டு கார்பனாகக் கடித்துத் தின்னும். கிளை குறுக்கிட்டால் கடி நின்றுபோகும். மிஞ்சிய பொருள் ஆற்றுக்குப் போனது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் இருந்தாலே, நீர் விழும் இடத்தில் நுரை காணப் போதும். மேற்கு ஜெர்மனி 1961-இல் சட்டம் இயற்றி, 1964 அக்டோபர் முதல் குறைந்தது 80 சதவீதம் சிதையக்கூடிய பொருளையே விற்க வேண்டும் என்றது. அமெரிக்க உற்பத்தியாளர்கள் 1965-இல் நேர்ச்சங்கிலிக்கு மாறினர். சலவை குறையவில்லை, ஆறுகளில் நுரை வடிந்தது.

இங்கே நுரைக்கு ஒரு நன்றி சொல்லத்தான் வேண்டும். அதே தூளில் இருந்த பாஸ்பேட் ஏரிகளில் பாசியைப் பெருக்கிக் கொண்டிருந்தது. அது கண்ணில் படாத பொருளாதலால் அதைக் கவனிக்க மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. நுரையோ எல்லோர் கண்ணெதிரே நின்று உண்மையைச் சொன்னது.

காருக்கு வருவோம். நல்ல நுரை வேண்டுமானால் ஷாம்புவைக் கூட்ட வேண்டியதில்லை, காற்றைக் கூட்டுங்கள். வாளியில் ஷாம்புவை முதலில் ஊற்றி, குழாய் நீரை உயரத்திலிருந்து வேகமாக விழச் செய்தால் போதும். சேமித்த மழைநீர் இருந்தால் இன்னும் நல்லது. நுரை செங்குத்தான கதவிலிருந்து மெதுவாகவே வழியும். அழுக்கு ஊற அவகாசம் கிடைக்கும். வெயிலில் வேண்டாம், காய்ந்துவிடும். அதற்கு மேல் நுரையிடம் எதிர்பார்ப்பதற்கில்லை.

கழுவிய நீர் தெருச் சாக்கடைக்குப் போகிறது. நேர்ச்சங்கிலியாயினும், அதைத் தின்ன நுண்ணுயிரும் அவற்றுக்கு ஆக்சிஜனும் நேரமும் வேண்டும். சுத்திகரிக்கப்படாத கழிவுநீரில் இவை போதுமான அளவு கிடைப்பதில்லை. பெங்களூரின் பெல்லந்தூர் ஏரியிலிருந்து 2015-இல் நுரை சாலைக்கே பறந்து வந்தது. அந்நகரின் கழிவுநீர் கலந்து வரும் தென்பெண்ணையாறு, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. அணையில் நீரைத் திறந்துவிடும்போது அது உயரத்திலிருந்து விழுந்து காற்றோடு கலக்கிறது, நம் வாளியில் குழாய் நீர் விழுவது போலவே. அணைக்குக் கீழே ஆறு பலமுறை வெண்ணுரையால் மூடிக் கிடந்திருக்கிறது.