எருக்கும் வெந்தய வரியனும்: ஓர் ஆய்வு வரலாறு

செங்கல்பட்டு மாவட்டத்தின் தரிசு நிலங்களிலும், கோவளம் முதல் மாமல்லபுரம் வரையுள்ள கடற்கரை மணற்பகுதிகளிலும் எருக்கு தானாக வளர்கிறது. மேய்ச்சல் மாடுகள் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. அதன் பாலில் இதயத்தைப் பாதிக்கும் கார்டினோலைடு என்னும் நச்சுப்பொருள்கள் உள்ளன. ஆயினும் இலைகளைப் பார்த்தால் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் நிறங்கொண்ட புழு ஒன்று நிம்மதியாகத் தின்றுகொண்டிருக்கும். அது வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு.

புறநானூற்றின் 106ஆம் பாடலிலேயே கபிலர் எருக்கைக் குறிப்பிட்டுள்ளார். வெந்தய வரியனுக்கு லின்னேயசு 1758இல் அறிவியல் பெயரிட்டார். ஆனால் இவ்விரண்டுக்கும் உள்ள உறவு 20ஆம் நூற்றாண்டில்தான் விளங்கியது.

சில புழுக்கள் ஏன் பளிச்சென்ற நிறத்தில் இருக்கின்றன என்று டார்வின் கேட்டபோது, தாம் உண்ணத்தகாதவை என்று பறவைகளுக்கு அறிவிக்கும் எச்சரிக்கையே அது என்று 1867இல் வாலசு விளக்கினார். அந்தத் தகாத தன்மை எங்கிருந்து வந்தது என்பது தெளிவாகவில்லை. தாவர நச்சுகள் வெறும் கழிவுகள் அல்ல, பூச்சிகளுக்கு எதிரான காப்பு என்று 1959இல் பிரெங்கல் எழுதினார்.

நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் ரைக்சுடைனும், மிரியம் ரோத்சைல்டும் தம் குழுவினருடன், எருக்கு வகைச் செடிகளைத் தின்னும் வெட்டுக்கிளி ஒன்றின் உடலில் செடியின் நஞ்சு இருப்பதை 1967இல் காட்டினர். மறு ஆண்டு, வெந்தய வரியனின் உறவினமான அமெரிக்க மோனார்க் வண்ணத்துப்பூச்சியிலும் அதைக் கண்டனர். லிங்கன் பிரவர், மோனார்க் புழுக்களில் சிலவற்றை முட்டைக்கோசு கொடுத்து வளர்த்தார். அவற்றைத் தின்ற பறவைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நச்சுச்செடியில் வளர்ந்தவற்றைத் தின்றவை வாந்தி எடுத்தன. நஞ்சு உணவிலிருந்தே வருகிறது என்பது உறுதியாயிற்று.

அப்படியானால் பூச்சி ஏன் சாவதில்லை? இந்நஞ்சு, உயிரணுக்களில் உள்ள சோடியம் பொட்டாசியம் இறைப்பியைப் பற்றி நிறுத்திவிடும். மோனார்க்கில் அந்த இறைப்பியின் அமைப்பு சற்றே மாறியுள்ளதால் நஞ்சு சரியாகப் பற்றுவதில்லை. அதே மாற்றங்களைப் பழ ஈக்களில் உண்டாக்கியபோது அவையும் நஞ்சைத் தாங்கின என்பது 2019இல் வெளியானது. மேலும், பாலுள்ள செடிகளைத் தின்னும் பல புழுக்கள் முதலில் இலை நரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டு, பிறகே உண்கின்றன.

எல்லா வெந்தய வரியன்களிலும் ஒரே அளவு நஞ்சு இருப்பதில்லை. தின்ற செடியைப் பொறுத்து அது மாறும். ஆகவே வேலியோர எருக்கைக் களை என்று வெட்டி எறிவது, ஒரு பூச்சியின் உணவை மட்டுமல்ல, அதன் காப்பையும் பறிப்பதாகும். மாணவர்கள் இப்புழுவை அருகிலேயே பார்த்துப் பயிலலாம். எருக்கம்பால் மட்டும் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.