காய்ச்சலும் இதயமும்

தூத்துக்குடியின் வரலாற்றைப் பேசுவோர் முத்தையும் சங்கையும் உப்பையும் பேசுவர். 1906-ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளை தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பெருமிதத்தோடு பேசுவர். அவை யாவும் பேசத் தக்கனவே. ஆயினும், கப்பல் வந்து செல்லும் ஊருக்கு மற்றொரு வரலாறும் உண்டு. சரக்கோடும் பயணிகளோடும் நோயும் கரையேறிய வரலாறு அது. 1914-இல் பாம்பன் பாலத்தின் வழியே தனுஷ்கோடிக்கு இரயில் செல்லத் தொடங்கும் வரை, சென்னையிலிருந்து கொழும்புக்குப் போவோர் தூத்துக்குடிக்கு வந்தே கப்பலேறினர். இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரைத் தங்கவைத்துக் கவனித்து அனுப்பும் முகாம் ஒன்று, அருகிலுள்ள தட்டப்பாறையில் அந்நாளில் இருந்தது. காலராவும் பிளேக்கும் கடல் கடக்கக் கூடாது என்பதே அக்காலத்து அச்சம்.

அவை வந்தால் ஊரறிய வரும் நோய்கள். நான் இன்று சொல்ல எடுத்துக்கொண்டதோ, சாதாரணக் காய்ச்சலின் பின்னே ஓசையின்றி வரும் ஒரு தீங்கைப் பற்றியது. வைரஸ் என்னும் நுண்ணிய நச்சுயிரியால் காய்ச்சல் வருகிறது. சில நாளில் விட்டும் போகிறது. பெரும்பாலோர்க்கு அத்துடன் கதை முடிந்தது. மிகச் சிலருக்கு மட்டும், காய்ச்சல் விட்ட பிறகு இதயத்தின் தசை வீங்கிப் புண்படுகிறது. இதனை இதயத் தசை அழற்சி என்பர். மருத்துவ உலகம் இதனை அறிந்துகொண்ட வரலாற்றில் நம் கடற்கரைக்கும், நமக்கு எதிர்க்கரையான இலங்கைக்கும் இடமுண்டு.

முதலில் பெயர் பிறந்த கதையைக் காண்போம். 1837-இல் சோபர்ன்ஹைம் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இந்நோய்க்குப் பெயரிட்டார். ஆனால் அப்பெயர் சூட்டப்பட்ட பின் நெடுங்காலம் அளவின்றிப் பயன்பட்டது. காரணம் விளங்காத இதய நோய் எதுவாயினும் மருத்துவர் அப்பெயரையே சொல்லி வந்தனர். 1899-இல் டிரெஸ்டன் நகரத்து மருத்துவர் ஃபீட்லர், வேறு நோய் எதுவும் இல்லாதவரிடத்தும் இதயத் தசையில் அழற்சி திடீரெனத் தோன்றுவதை விளக்கினார். கண்ணுக்குப் புலப்படாத ஏதோ ஒரு தொற்றே காரணமாகலாம் என்று அவர் கருதினார். அக்கருத்தைச் சோதித்துப் பார்க்கும் கருவி அன்று எவரிடமும் இல்லை.

கருவிகள் அரை நூற்றாண்டுக்குள் வந்து சேர்ந்தன. 1933-இல் இலண்டனில் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா ஆகிய மூவர் மனிதரைப் பற்றும் இன்புளூயென்சா வைரசைப் பிரித்தெடுத்தனர். 1948-இல் அமெரிக்காவில் டால்டார்ஃப் என்பவரும் கிரேஸ் சிக்கிள்ஸ் என்ற பெண்மணியும் மற்றொரு வைரசைக் கண்டனர். நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள காக்சாக்கி என்னும் சிற்றூரின் பெயரே அதற்கு இடப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில், ஒரு மகப்பேற்று இல்லத்துப் பச்சிளங் குழந்தைகளிடையே இதயத் தசை அழற்சி பரவியது. காக்சாக்கி வைரசின் ஒரு பிரிவே அதற்குக் காரணம் என்று 1956-இல் வெளிவந்த ஆய்வுரை கூறிற்று. ஃபீட்லர் ஊகித்தது மெய்யாயிற்று.

அதற்கு அடுத்த ஆண்டே தமிழகம் இக்கதையில் இடம் பெறுகிறது. 1957-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சீனத்தில் தோன்றிய ஒரு புதிய இன்புளூயென்சா, ஆங்காங், சிங்கப்பூர் வழியாகக் கடலில் பரவியது. மே மாத நடுவில் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலொன்று அதைச் சென்னைத் துறைமுகத்தில் இறக்கியது. சில வாரங்களில் நாடெங்கும் காய்ச்சல். நீலகிரிக் குன்னூரில், வெறிநாய்க்கடி மருத்துவத்துக்கெனத் தோன்றிய பாஸ்டர் நிலையத்தில் அப்போது இன்புளூயென்சா மையம் ஒன்றும் இயங்கி வந்தது. இந்தியாவில் அக்கொள்ளைநோய் பரவிய வரலாற்றை அம்மையத்து ஆராய்ச்சியாளர் மேனன் எழுதி, 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியிட்டார். 1958 பிப்ரவரிக்குள் இந்நாட்டில் பதிவான நோயாளிகள் 44 லட்சத்துக்கும் மேற்பட்டோர். இறந்தோர் ஏறத்தாழ 1,100 பேர். அதே கொள்ளைநோயில் மாண்டவர்களை அமெரிக்காவில் அறுத்து ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் இதயத் தசையில் அழற்சி காணப்பட்டது. நுரையீரல் நோய் என்று எண்ணியது இதயத்தையும் தொட்டிருந்தது.

இனி எதிர்க்கரைக்குச் செல்வோம். சிக்குன்குனியா என்னும் காய்ச்சல் 1952-இல் ஆப்பிரிக்காவின் தாங்கனீக்காவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. 1963-இல் கல்கத்தாவிலும் 1964-இல் சென்னையிலும் அது பெருவாரியாகப் பரவியது. அதன்பின் இலங்கையிலும் தோன்றியது. டெங்குவும் உடன் இருந்தது. இரண்டும் ஏடிஸ் கொசுவால் பரவுவன. மூட்டு வலியையே எல்லாரும் பேசிக்கொண்டிருந்த வேளையில், கொழும்பு மருத்துவர் ஒபயசேகரா, ஹெர்மன் என்னும் தம் உடனாய்வாளரோடு சேர்ந்து வேறொன்றைக் கவனித்தார். இக்காய்ச்சல்களுக்குப் பின் சிலர் நெஞ்சு வலியோடும் படபடப்போடும் மூச்சு வாங்குதலோடும் வந்தனர். அவர்களை வீட்டுக்கு அனுப்பியதோடு நில்லாமல், பின்னரும் அவர்களின் இதயத்தைத் தொடர்ந்து சோதித்து வந்தனர். 1972-இலும் 1973-இலும் பிரிட்டிஷ், அமெரிக்க இதய மருத்துவ இதழ்களில் அவர்கள் கட்டுரைகள் வெளிவந்தன. டெங்குவும் சிக்குன்குனியாவும் இதயத் தசையைத் தாக்கக்கூடும் என்பதையும், சிலரிடம் அத்தீங்கு நீடிக்கும் என்பதையும் உலகுக்கு எடுத்துக்காட்டிய தொடக்ககால ஆய்வுகளில் அவை அடங்கும். காய்ச்சல் நின்றதும் கணக்கை மூடாமல் நோயாளியைப் பின்தொடர்ந்த பொறுமையே அந்த ஆய்வின் சிறப்பு.

வைரஸ் இதயத்தில் என்ன செய்கிறது? சில வைரசுகள் இரத்தத்தின் வழியே சென்று இதயத் தசையின் உயிரணுக்களுள் புகுந்து பெருகுகின்றன. அவற்றை அழிக்க உடலின் காவற்படை விரைகிறது. பகைவனை விரட்ட வந்த படை விளைநிலத்தையும் மிதிப்பதுபோல, அக்காவற்படை தசைக்கும் ஊறு செய்துவிடுவதுண்டு. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை துடிக்கும் உறுப்பு இதயம். கை ஒடிந்தால் கட்டுப்போட்டு அசையாமல் வைக்கலாம். இதயத்தை அவ்வாறு நிறுத்திவைக்க இயலாது. நாம் செய்யக்கூடியது அதன் சுமையைக் குறைப்பது ஒன்றே. பெரும்பாலோர் முழுதும் தேறுகின்றனர். சிலருக்குத் தசை தளர்ந்து இதயம் விரிந்துவிடுகிறது. சிலருக்குத் துடிப்பின் ஒழுங்கு குலைந்து திடீர் மரணமும் நேர்கிறது.

ஓய்வு ஏன் வேண்டும் என்பதற்கு 1970-இல் அமெரிக்காவில் செய்த சோதனை ஒன்று சான்று. கட்மைத்தான், சேசன், லெர்னர் என்போர் காக்சாக்கி வைரசைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தினர். ஒரு பகுதியை ஓய்வாக விட்டனர். மற்றொரு பகுதியை நீரில் நீந்தச் செய்தனர். நீந்திய எலிகளின் இதயத்தில் வைரஸ் பன்மடங்கு பெருகியது. அவற்றுள் மாண்டவையும் மிகுதி. எலிக்கு நேர்ந்தது அப்படியே மனிதருக்கும் நேரும் என்று சொல்லுதல் கூடாது. எனினும், அச்சோதனை தந்த எச்சரிக்கையை மருத்துவர் மறக்கவில்லை.

இச்சோதனையைப் படிக்கும்போது எனக்கு எங்கள் கரையின் குளியாட்களே நினைவுக்கு வருவர். 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடைபெற்றது. கல்லைப் பற்றிக் கடலடிக்கு இறங்கி, அடக்கிய ஒரே மூச்சில் சிப்பி வாரி மேலெழுந்தவர்கள் அவர்கள். ஆசியக் காய்ச்சல் பரவிய 1957-ஆம் ஆண்டும் அந்த ஆண்டுகளுள் ஒன்று. காய்ச்சல் கண்டவன் தேறும் முன்னே கடலில் இறங்கினால், தளர்ந்த இதயத்தின்மீது எத்தகைய சுமை ஏறும் என்று எண்ணிப்பாருங்கள். முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. ஆனால் கூலிக்காகக் காய்ச்சல் விட்ட மறுநாளே உப்பளத்துக்கும் துறைமுகத்துக்கும் செல்வோர் இன்றும் இருக்கின்றனர். 'ஓய்வெடு' என்பது மருத்துவருக்கு எளிய சொல். நாட்கூலி பெறும் குடும்பத்துக்கு அதன் விலை அதிகம். அவ்விலையை அவர்மேல் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. வேலை தருவோர் இதனை உணர்தல் வேண்டும்.

நோயை அறியும் வழிகளும் வளர்ந்துள்ளன. 1962-இல் ஜப்பானியரான சக்கக்கிபாரா, கொன்னோ இருவரும் இரத்தக் குழாய் வழியே நுண்கருவி செலுத்தி, இதயத் தசையின் சிறு துணுக்கை எடுத்துச் சோதிக்கும் முறையைக் கண்டனர். இன்று இ.சி.ஜி., எக்கோ, இரத்தச் சோதனை ஆகியவற்றோடு காந்த அலைப் படமும் துணைநிற்கிறது. 2006-இல் சிக்குன்குனியா தமிழகத்துக்குத் திரும்பி வந்தபோதும், 2020-இல் கொரோனா பரவியபோதும், காய்ச்சலுக்குப் பின் இதயத்தையும் கவனிக்க வேண்டும் என்ற அறிவு மருத்துவர் கையில் ஆயத்தமாக இருந்தது.

மாணவச் செல்வங்களே, இந்த வரலாறு உங்களுக்குச் சொல்வது என்ன? மாவட்டப் போட்டி வந்துவிட்டது என்று காய்ச்சலோடு ஓடாதீர்கள். காய்ச்சல் விட்ட பின்னும் சில நாள் ஆடுகளத்தை விட்டு விலகியிருந்து, படிப்படியாகத் திரும்புங்கள். அவ்வேளையில் நெஞ்சு வலியோ படபடப்போ மயக்கமோ, வழக்கமாக ஏறும் படியில் மூச்சு வாங்குதலோ தோன்றினால், பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் உடனே சொல்லி மருத்துவரிடம் செல்லுங்கள். இதயத் தசை அழற்சி என்று உறுதிப்பட்ட விளையாட்டு வீரரை 3 முதல் 6 மாதம் வரை கடும் பயிற்சியிலிருந்து விலக்கிவைப்பது மருத்துவர் நெடுங்காலமாகக் கைக்கொண்ட வழக்கம். மீண்டும் களமிறங்கும் நாளைச் சோதித்துச் சொல்ல வேண்டியவரும் மருத்துவரே.

மற்றொன்றும் உண்டு. எங்கள் மாப்பிள்ளையூரணியின் பெயரிலேயே ஊரணி இருக்கிறது. குடிநீரின் அருமை அறிந்த மண் இது. நீருக்கு முறை வைத்துக் குடத்திலும் தொட்டியிலும் தேக்கிவைப்பது இக்கரை மக்களின் பழக்கம். ஏடிஸ் கொசு முட்டையிடுவது வீட்டிலுள்ள அத்தகைய நல்ல நீரில்தான். வாரம் ஒருமுறை தொட்டியைக் கவிழ்த்துத் தேய்த்து, நீர் நிரப்பியபின் மூடிவையுங்கள். அந்த அரைமணி நேர வேலை டெங்குவையும் சிக்குன்குனியாவையும் வாசலிலேயே தடுக்கும். உங்கள் வீட்டாரின் இதயத்துக்கும் அது காவலாகும்.