அகராதியில் வரும் விசித்திர எழுத்துகள் – ஒரு சிறு வரலாறு

ஆங்கில அகராதியில் சொல்லுக்குப் பக்கத்தில் தலைகீழ் 'இ', திரும்பிய 'சி' என்று சில விசித்திர எழுத்துகள் இருக்குமே, பார்த்திருக்கிறீர்களா? நம்மில் பலர் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறோம். ஆனால் அவை பிறந்ததே வேற்றுமொழி படிப்பவர்களுக்காகத்தான்!

ஆங்கிலத்தில் எழுதுவது ஒன்று, சொல்வது வேறு. ஓ, யூ, ஜி, எச் என்ற அதே நான்கு எழுத்துகளில் முடியும் சொற்களை 'டஃப்', 'தோ', 'த்ரூ' என்று மூன்று விதமாகச் சொல்ல வேண்டும். எழுத்தை மட்டும் நம்பினால் உச்சரிப்பு எப்படிச் சரியாக வரும்?

இதற்கு வழி தேடி 1886-ல் பாரிசில் பால் பாசியும் சில மொழி ஆசிரியர்களும் ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஓர் ஒலிக்கு ஒரு குறி என்பது அவர்கள் கொள்கை. 1888-ல் முதல் பட்டியல் வெளியானது. அதுவே பன்னாட்டு ஒலிக்குறிகளாக வளர்ந்தது.

பாசியிடம் படித்த டேனியல் ஜோன்ஸ் 1917-ல் லண்டனில் ஆங்கில உச்சரிப்பு அகராதியை வெளியிட்டார். தென் இங்கிலாந்தின் வசதியான, விடுதிப் பள்ளிகளில் படித்த குடும்பங்களின் பேச்சை அதில் பதிவு செய்தார். எல்லோரும் இப்படித்தான் பேச வேண்டும் என்று அவர் வற்புறுத்தவில்லை. ஆனால் அதுவே 'சரியான' ஆங்கிலம் என்று பலரும் எண்ணிவிட்டார்கள்!

இன்று கைப்பேசி அகராதி சொல்லை ஒலித்தே காட்டுகிறது. ஆனாலும் தமிழுக்குப் பழகிய நம் காது 'வி'யையும் 'டபிள்யூ'வையும் ஒன்றாகவே கேட்கும். இரண்டும் வேறு ஒலிகள் என்று குறிதான் காட்டிக்கொடுக்கும். லண்டன்காரர் போலப் பேச வேண்டியதில்லை. சொல்வது கேட்பவருக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான். அதற்கு அந்தக் குறிகளையும் கொஞ்சம் கவனியுங்களேன்!