குழந்தை கூடாது! குழந்தை வேண்டும்!

அறிவியல் புனைவுப் படம் என்றதும் விண்கலமும் ரோபோவும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் பூமி அழிந்துவிடுமோ என்று பயந்து எடுத்த பல படங்கள் கடைசியில் வந்து நிற்பது ஒரு பெண்ணின் வயிற்றில். ஏன்? கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்போம்.

1968-ல் பால் எர்லிக் என்ற அமெரிக்க உயிரியலாளரின் 'தி பாப்புலேஷன் பாம்' வெளிவந்தது. எழுபதுகளில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் சாவார்கள் என்றது அந்தப் புத்தகம். மனைவி ஆன் எர்லிக்கும் சேர்ந்து எழுதியதுதான். அட்டையில் அவர் பெயர் இல்லை!

அந்தப் பயம் உடனே திரைக்கு வந்தது. 1972-ல் வந்த 'இஸட்.பி.ஜி.' படத்தில் ஊரெல்லாம் புகைமூட்டம், முகமூடி இல்லாமல் வெளியே போக முடியாது. அரசு என்ன செய்கிறது? 30 வருடத்துக்குக் குழந்தை பெறத் தடை போடுகிறது. மீறினால் மரண தண்டனை. ஏங்குகிறவர்களுக்கு ரோபோ பொம்மை தருகிறார்கள். புகை கக்கியது யார் என்று யாரும் கேட்பதில்லை, தாயைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள். 1973-ன் 'சாய்லன்ட் க்ரீன்' 2022-ல் நடக்கும் கதை. நியூயார்க்கில் மட்டும் 4 கோடி பேர். பணக்கார வீடுகளோடு சேர்த்துக் கிடைக்கும் இளம்பெண்களுக்கு அங்கே பெயர் 'ஃபர்னிச்சர்'.

இது வெறும் கற்பனை இல்லை. நெருக்கடி நிலையின்போது, 1976-77 என்ற ஒரே ஆண்டில் இந்தியாவில் சுமார் 80 லட்சம் கருத்தடை அறுவைகள் நடந்தன. பெரும்பாலும் ஆண்களுக்கு. எதிர்ப்பு கிளம்பியது, 1977 தேர்தலில் ஆட்சியே போனது. அதன்பிறகு அந்தச் சுமை மெல்லப் பெண்கள் பக்கம் நகர்ந்துவிட்டது.

பிறகு பயம் தலைகீழானது. அல்ஃபோன்சோ குவாரோனின் 'சில்ட்ரன் ஆஃப் மென்' (2006) காட்டும் 2027-ல் 18 வருடமாக எங்கும் குழந்தையே பிறக்கவில்லை. பி.டி. ஜேம்ஸின் மூல நாவலில் (1992) மலடாவது ஆண்கள். படத்தில் அது பெண்களாக மாறிவிட்டது! உலகைக் காக்கும் பொறுப்பு கர்ப்பிணியான ஓர் அகதிப் பெண்மேல் விழுகிறது.

நிஜத்தில் 2022 நவம்பரில் உலக மக்கள்தொகை 800 கோடியைத் தொட்டது. எர்லிக் சொன்ன அளவுக்குப் பஞ்சம் வரவில்லை. புகை மட்டும் குறையவில்லை.

குழந்தை கூடினாலும் குறைந்தாலும் கணக்கு ஏன் அம்மாவிடமே கேட்கப்படுகிறது? அடுத்த முறை இப்படி ஒரு படம் பார்த்தால், ஆலை முதலாளி எந்தக் காட்சியில் வருகிறார் என்று தேடிப் பாருங்கள்.