சாளக்கிராமம் போகும் வழியில் மூச்சுக் கணக்கு

ஸ்ரீவராகத்தில் குடியிருக்கும் நமக்கு ஸ்ரீபத்மநாபன் சந்நிதி பொடிநடைத் தூரம். பெருமாளின் திருமேனி கண்டகி நதியிலிருந்து வந்த 12,008 சாளக்கிராமங்களால் ஆனது என்பது கோயில் மரபு. அந்தக் கல் பிறந்த இடத்தை ஒருமுறையாவது தரிசிக்க வேண்டும் என்ற ஆசை இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய திருச்சாளக்கிராமம் என்று பலரும் கொள்ளும் முக்திநாத், நேபாளத்தில் சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

முன்னாளில் யாத்திரிகர்கள் நாள்கணக்கில் நடந்தே ஏறினார்கள். இன்று 800 மீட்டர் உயரத்திலுள்ள போக்ராவில் விமானம் ஏறினால் 20 நிமிடத்தில் ஜோம்சோம், சுமார் 2,700 மீட்டர். அங்கிருந்து ஜீப். 2022-இல் நாங்களும் அப்படித்தான் போனோம். விடியற்காலையில் 108 தாரைகளில் நீராட வேண்டுமென்று கோயிலுக்குக் கீழேயுள்ள ராணிபௌவாவில் இரவு தங்கினோம். அத்திம்பேருக்குத் தலைவலி, வாந்தி. கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டினால் 78. அவர் நாற்பது வருஷமாகப் பிராணாயாமம் செய்பவர். நிதானமாக மூச்சை இழுத்து விட்டார், 86 ஆயிற்று. "பாத்தியா, ஏறிடுத்து! இனிமே பயமில்லை" என்றார். அசந்து தூங்கினதும் மறுபடி 77.

ஏன் இப்படி? விடை ஒரு நூற்றாண்டு வரலாற்றில் இருக்கிறது. உயரத்தில் வரும் நோய்க்குக் காரணம் ஆக்சிஜனின் அழுத்தக் குறைவே என்று பிரெஞ்சு அறிஞர் பால் பெர் 1878-இல் நிறுவினார். அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். ஆனால் முக்திநாத் உயரத்தில் காற்றழுத்தமே கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு.

நம் நாடு இதை 1962 சீனப் போரையொட்டிக் கற்றது. சமவெளியிலிருந்த வீரர்களை அவசரமாக மலைக்கு ஏற்ற வேண்டியிருந்தது. இந்தர் சிங்கும் சக மருத்துவர்களும் 3,350 முதல் 5,500 மீட்டர் வரையிலான உயரங்களில் நோயுற்ற 1,925 வீரர்களைப் பற்றி 1969-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். திடகாத்திரமான இளைஞர்களுக்கே அந்தக் கதி.

அப்படியானால் மூச்சுப் பயிற்சி வீணா? இல்லை. ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மில்லி காற்று குழாய்களிலேயே தங்கிப் பயனற்றுப் போகிறது. 500 மில்லியாக 12 மூச்சு விட்டால் நிமிடத்துக்கு 1,800 மில்லி வீண். 1,000 மில்லியாக 6 மூச்சு விட்டால் 900 மட்டுமே. 2012-இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வொன்றில், 4,559 மீட்டரில் நிமிடத்துக்கு 6 மூச்சாக விட்டவர்களுக்கு ஆக்சிஜன் அளவு சுமார் 80-இலிருந்து 89 சதவீதத்துக்கு ஏறியது. பயிற்சியை நிறுத்தினதும் அந்தப் பலன் நிலைக்கவில்லை.

இன்னொன்று: திருமந்திரம் சொல்லும் 16, 64, 32 என்ற கணக்கில் நீண்ட பங்கு கும்பகம். மூச்சை அடக்கினால் இரத்தத்தில் ஆக்சிஜன் குறையவே செய்யும். மலையில் அதற்கு இடமில்லை. 1924-இல் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவிய சுவாமி குவலயானந்தரும், பிராணாயாமத்தின் பெருமை அதிக ஆக்சிஜனில் இருக்கிறது என்ற கருத்தை ஏற்கவில்லை.

உடல் உயரத்துக்குப் பழகச் சில நாள்கள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்கிறது இன்றைய மருத்துவம். விரலில் மாட்டும் கருவி 1974-இல் ஜப்பானின் தகுவோ அயோயாகி கண்ட வழியில் இரத்தத்தின் நிறத்தை ஒளியால் அளக்கிறது. அந்த நிமிடத்து நிலையைத்தான் அது சொல்லும். அடுத்த மணிக்கு உத்தரவாதம் தராது.

அன்றிரவே ஜீப் பிடித்து ஜோம்சோமுக்கு இறங்கினோம். காலையில் 91, தலைவலியும் போயிருந்தது. நீராடல் நடக்கவில்லை என்று அத்திம்பேருக்கு மனக்குறைதான். அக்கா சொன்னாள்: "இரண்டு நாள் இங்கேயே இருந்துட்டு ஏறலாம். பெருமாள் எங்கேயும் போயிட மாட்டார்." மூன்றாம் நாள் ஏறினோம்; தரிசனம் ஆயிற்று. யாத்திரை போகவிருக்கும் நம் அன்பர்கள் மூச்சுப் பயிற்சியோடு அந்த இரண்டு நாளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.