பைலக்கின் ஊசியும் நீர்ப்புட்டிக் காந்தமானியும்

காந்தக்கல்லை அரபு மொழியார் மக்னாத்தீஸ் என்பர். கிரேக்கத்திலிருந்து வந்து அரபில் குடியேறிய சொல் அது. ஹிஜ்ரி 640-இல், அதாவது 1242-ஆம் ஆண்டையொட்டி, பைலக் அல்-கிப்ஜாகி என்பார் சிரியாவின் தராபுலுஸிலிருந்து இஸ்கந்தரியாவுக்குக் கப்பலேறினார். விண்மீன் தெரியாத இருளில் மாலுமிகள் செய்ததை அவர் கண்டு, பின்னர் 1282-இல் தாம் இயற்றிய ‘கன்ஸுத் துஜ்ஜார்’ என்னும் கற்களைப் பற்றிய கிதாபில் வரைந்து வைத்தார். நீர்ப்பாத்திரத்தில் ஊசி ஒன்றை மிதக்க விட்டனர், காந்தக்கல்லை நீர்மட்டத்தருகே கொணர்ந்து கையைச் சுழற்றினர், ஊசியும் சுழன்றது, திடீரெனக் கையை எடுத்துவிட்டனர். ஊசி வடக்கும் தெற்கும் நோக்கி நின்றது. இந்துமாக்கடல் செல்வோர் ஊசிக்குப் பதிலாக உள்ளீடற்ற இரும்பு மீனை மிதக்க விடுவர் என்றும் அவர் கேள்வியுற்று எழுதியுள்ளார்.

1954-இல் அமெரிக்காவில் பாக்கர்ட், வேரியன் என்னும் இருவர் வெளியிட்ட புரோட்டான் முறையைப் படிக்குங்கால் அந்த மாலுமிகளின் கையே என் நினைவுக்கு வருகிறது. ஒரு புட்டி நிறையத் தண்ணீர், அதைச் சுற்றிச் சில நூறு சுற்றுச் செப்புக் கம்பி: கருவியின் உயிர் இவ்வளவே. கம்பியில் சில விநாடி மின்சாரம் பாய்ச்சினால் நீரிலுள்ள புரோட்டான்களில் ஒரு பகுதி அதன் வழி திரும்பும். மின்சாரத்தைத் திடீரென நிறுத்தினால் அவை பூமியின் காந்தப்புலத்தைச் சுற்றித் தள்ளாடும். இங்கிலாந்து போன்ற நாடுகளில் அத்தள்ளாட்டம் விநாடிக்கு ஏறத்தாழ 2,000 முறை. அதே கம்பி அதனை மெல்லிய ஒலியாகப் பிடித்துத் தரும். பெருக்கிக் கேட்டால், நிலத்தடியில் இரும்பு கிடக்குமிடத்தில் சுருதி மாறும். கைத்திறன் உள்ளோர் வீட்டிலேயே செய்துவிடுகின்றனர். ஆனால் கருவியில் இரும்பாணி ஒன்றும் இருத்தலாகாது. சுமப்பவர் மடியில் சாவிக்கொத்தும் ஆகாது!

1958-இல் ஆக்ஸ்ஃபோர்டின் மார்ட்டின் எய்ட்கன் வாட்டர் நியூட்டனில் இக்கருவியால் உரோமர் காலக் குயவர் சூளையைக் கண்டறிந்தார். சுட்ட களிமண்ணும் காந்தத்தன்மை பெறுமன்றோ?

புதையல் வேட்டைக்காரர் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பொன்னையும் வெள்ளியையும் இக்கருவி கண்டுகொள்வதில்லை. மூழ்கிய கப்பலின் நங்கூரத்தையும் இரும்புப் பீரங்கியையுமே அது காட்டும். பொன் அருகிலிருந்தால் அவர்கள் பேறு.

இதன் மூத்த உறவான ஃப்ளக்ஸ்கேட் காந்தமானியோ, 1940-ஐயொட்டி விக்டர் வாக்கியேயின் உழைப்பால் உருப்பெற்று, இரண்டாம் உலகப் போரில் விமானத்திலிருந்து நீர்மூழ்கிகளைத் தேடிக் கொல்ல உதவியது. அப்போரில் வீழ்ந்து வெடிக்காது புதைந்த குண்டுகளைத் தேடி, ஜெர்மனியில் கட்டடம் எழுப்புமுன் இன்றும் இவ்வகைக் கருவிகளைச் சுமந்து நிலத்தை நடந்தளக்கின்றனர்.